மரக்கால் மழையும் மில்லிமீட்டர் மழையும்

சித்திரைத் திங்கள் முதல் நாள். கோயில் மண்டபத்திலே கூட்டம். மணையில் அமர்ந்தவர் ஏட்டை விரிக்கிறார். "இவ்வாண்டுக்கு அரசர் இன்னார், அமைச்சர் இன்னார், படைத் தலைவர் இன்னார், முகிலுக்குத் தலைவர் இன்னார்" என்று படித்துக்கொண்டே போகிறார். மக்கள் வாக்களித்து அமைத்த அரசு ஒன்று கோட்டையில் இருக்க, மண்டபத்திலே மற்றோர் அமைச்சரவை பதவி ஏற்கிறது! அதற்குத் தேர்தல் இல்லை, எதிர்க்கட்சி இல்லை, நம்பிக்கையில்லாத் தீர்மானமும் இல்லை. படிப்பவர் தொடர்கிறார்: "இவ்வாண்டு மழை இத்தனை மரக்கால். அதில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, நிலத்துக்கு இத்தனை பங்கு." கேட்டவர்கள் தலையசைக்கிறார்கள். தட்டிலே காசு விழுகிறது.

அதே நாள், அதே ஊரில், வானொலியிலும் நாளேட்டிலும் மற்றோர் அறிக்கை வருகிறது. "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய இலேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்" என்கிறது அது. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். "இவர்கள் மழை என்றால் வெயில் காயும், வெயில் என்றால் மழை கொட்டும்" என்று கேலி பேசுகிறார்கள்.

ஒன்றுக்குத் தலையசைப்பு, மற்றொன்றுக்கு நகைப்பு. இது முறைதானா? இலக்கிய ஏடுகளில் நூல்களை நிறுத்துப் பார்க்கிறோம். கவிதையை எடை போடுகிறோம். கதையைத் துருவி ஆராய்கிறோம். கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் படிக்கும் இந்த இரு ஏடுகளை மட்டும் ஏன் ஆராயாமல் விட வேண்டும்? ஆகவே இவ்வாரம் இரண்டையும் ஒரே தராசில் இடுகிறோம்.

தராசு எது என்று முதலில் சொல்லிவிடுவோம். வருவதைச் சொல்கிறேன் என்று முன்வரும் எந்த ஏடும் மூன்று கேள்விகளுக்கு விடை தர வேண்டும்: எங்கே? எப்போது? எவ்வளவு? அதன் பிறகு நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதுவே முதன்மையானது: சொன்னது பொய்த்தால், பொய்த்தது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பஞ்சாங்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

மரக்கால் என்பது நெல் அளக்கும் கருவி. மழையை அளக்க ஒரு கலம் வேண்டும் என்ற எண்ணம் பழையதுதான். பண்டகசாலை முன்னே ஒரு கலத்தை வைத்து மழையை அளந்தறிய வேண்டும் என்று அர்த்தசாத்திரமே கூறுகிறது. ஆனால் பஞ்சாங்கத்தின் மரக்காலுக்குக் கலம் எங்கே? அது எந்த ஊரில், எந்த முற்றத்தில் வைக்கப்பட்டிருக்கிறது? கடலுக்குரிய பங்கைக் கடலிலே சென்று அளந்து வந்தவர் யார்? சென்ற ஆண்டு சொன்ன மரக்காலும் பெய்த மழையும் ஒத்திருந்தனவா என்று அடுத்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் ஒரு வரியேனும் உண்டா? இல்லை. அளவின் பெயர் இருக்கிறது, அளவு இல்லை. கணக்கு இருக்கிறது, தணிக்கை இல்லை.

முகில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பாருங்கள். ஞாயிறு திருவாதிரையில் புகும் நாள் எந்தக் கிழமையோ, அந்தக் கிழமைக்குரிய கோளே அவ்வாண்டின் முகில் தலைவர். கிழமை என்பது மனிதன் நாட்களை எண்ணுவதற்கு இட்ட பெயர். வங்கக் கடலின் நீராவிக்குத் திங்கள் என்றும் தெரியாது, செவ்வாய் என்றும் தெரியாது.

பஞ்சாங்கங்களின் முகப்பிலே ஒரு வெண்பா அச்சாகும். இடைக்காடர் பெயரால் வழங்குவது. அறுபது ஆண்டுகளுக்கு அறுபது பாட்டு; அந்தந்த ஆண்டின் மழையும் விளைவும் அதிலே அடக்கம் என்பார்கள். அறுபது ஆண்டுகள் கழிந்தால் பழைய பெயர் திரும்பும். பழைய பாட்டும் திரும்பும். பாட்டைப் பற்றி நமக்கு வழக்கில்லை. பாட்டு பாட்டாக இருக்கட்டும்! ஆனால் அதை வானிலை என்று விற்கும்போது, வரலாற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியே தீர வேண்டும்.

முதற் சாட்சி தாது ஆண்டு. 1876இல் தாது ஆண்டு வந்தது. பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். இன்றும் "தாது வருடப் பஞ்சம்" என்றே முதியோர் வாயில் அது வழங்குகிறது. இரண்டு அறுபதுகள் கழிந்து 1996இல் அதே தாது திரும்பிற்று. அவ்வாண்டு ஜூன் திங்களில், வடகிழக்குப் பருவம் தொடங்க இன்னும் பல திங்கள் இருக்கும்போதே, சென்னையில் ஒரே நாளில் 30 செ.மீட்டருக்கும் மேல் மழை கொட்டி நகரம் வெள்ளக்காடாயிற்று. ஆண்டின் பெயர் ஒன்று, பாட்டும் ஒன்று. ஒருமுறை வறட்சி, மறுமுறை வெள்ளம்! எதற்கு அந்தப் பாட்டு பொருந்துகிறது? இரண்டுக்கும் பொருந்துகிறது என்றால், எதற்கும் பொருந்தவில்லை என்பதே பொருள்.

இரண்டாம் சாட்சி குரோதி ஆண்டு. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு ரயில் வண்டியொன்றைக் கடல் விழுங்கியது. அது குரோதி ஆண்டு. அறுபது ஆண்டுகள் கழித்து 2024இல் மீண்டும் குரோதி. இம்முறை நவம்பர் 30 இரவு 'ஃபெங்கல்' புயல் புதுச்சேரி அருகே கரை ஏறிற்று. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீட்டருக்கும் மேல் மழை. அடுத்து, கடலையே காணாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. "பார்த்தீர்களா, இரண்டு குரோதியிலும் புயல்!" என்று யாரேனும் மகிழக்கூடும். நாம் கேட்பது இதுதான்: அந்தப் பாட்டைப் படித்துவிட்டு 1964இல் தனுஷ்கோடியை விட்டு வெளியேறியவர் எத்தனை பேர்? 2024இல் அதே பாட்டு ஊத்தங்கரைக்காரனை மேட்டுக்குப் போ என்று சொல்லிற்றா? தமிழகக் கடற்கரைக்குப் புயல் புதியதன்று. "எங்கேனும் ஒருநாள் துன்பம் வரும்" என்பதைச் சொல்ல ஏடு எதற்கு? எங்கே, என்றைக்கு என்று சொல்ல அல்லவா ஏடு வேண்டும்!

மூன்றாம் சாட்சி கத்திரி வெயில். கார்த்திகை மீனை ஒட்டி ஞாயிறு நகரும் நாட்கள், ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை, அக்கினி நட்சத்திரம் எனப்படுகின்றன. அந்நாட்களில் வெயில் கடுமைதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் வெயிலுக்குக் காரணம் அந்த விண்மீன் அன்று. ஏப்ரல் பிற்பகுதியில் ஞாயிறு சென்னையின் உச்சிக்கு நேராக வருகிறது. அதன் பிறகும் நிலம் நாள்தோறும் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போகிறது. மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுத்து, கடற்காற்றைக் கரைக்கு வரவிடாமல் தடுக்கிறது. கடற்காற்று நண்பகலுக்கு முன் வந்தால் சென்னை பிழைக்கும். பிற்பகல் வரை வராவிட்டால் வேகும். சென்னையில் பதிவான மிக உயர்ந்த வெப்பம் 45 டிகிரி செல்சியசு. அது பதிவான நாள் 2003 மே 31. கத்திரி விடைபெற்றுச் சென்ற பிறகு! "கத்திரி முடிந்தது, இனி அச்சமில்லை" என்று வெயிலில் வேலைக்குச் சென்ற கூலித் தொழிலாளிக்குப் பஞ்சாங்கமா வந்து நீர் கொடுக்கும்?

பஞ்சாங்கத்தைப் பற்றிய நமது தீர்ப்பு இதுதான்: அது தவறான ஏடு என்பதைவிட, தவறவே முடியாதபடி எழுதப்பட்ட ஏடு. பிடிபடாதபடி எழுதுவது திறமையாக இருக்கலாம், அது அறிவாகாது.

இனி மற்ற ஏட்டுக்கு வருவோம். வானிலை அறிக்கை நமக்கு வேண்டியது என்பதற்காக அதன் குறையை மூடமாட்டோம். ஆனால் குறை சொல்வதற்கு முன் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். கேலி பேசுவோரில் பெரும்பாலோர் அதைப் படித்தவர்களே அல்லர்.

"ஓரிரு இடங்களில்" என்பது நழுவல் பேச்சு அன்று. அளந்து வைத்த சொல். ஒரு வட்டாரத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பெறுமானால் "ஓரிரு இடங்களில்". 26 முதல் 50 வரை என்றால் "ஒரு சில இடங்களில்". 51 முதல் 75 வரை "அநேக இடங்களில்". அதற்கும் மேல் "பெரும்பாலான இடங்களில்". எனவே ஓரிரு இடங்களில் மழை என்று சொன்ன நாளில், நான்கு ஊர்களில் மூன்று ஊர்கள் வறண்டு கிடந்தாலும் அறிக்கை பொய்க்கவில்லை. இடிமுகில் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர். அதன் வாழ்நாள் ஏறத்தாழ ஒரு மணி நேரம். தாம்பரம் நனைய, மயிலை காய்வது இதனால்தான்.

மழையின் அளவுக்கும் இத்தகைய வரையறை உண்டு. காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை பெய்ததை ஒரு நாள் மழை என்பர். அது 64.5 மில்லிமீட்டரை எட்டினால் "கனமழை". 115.6ஐ எட்டினால் "மிகக் கனமழை". 204.4ஐத் தாண்டினால் "அதி கனமழை". ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் நீர். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் போதும். நம் வீட்டுக் கூரையில் எத்தனை குடம் விழும் என்று நாமே சொல்லிவிடலாம். மரக்கால் தராத விடையை மில்லிமீட்டர் தருகிறது.

"காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்றால் வாய் நிறையச் சொல் இருக்கிறதே தவிரப் பொருள் விளங்கவில்லை என்பர் சிலர். பொருள் எளிது. கடல் நீர் சூடேறுகிறது. மேலுள்ள காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலெழுகிறது. உயரே சென்று குளிர்ந்ததும் நீராவி நீர்த்துளியாகிறது. அப்போது வெளிப்படும் சூடு காற்றை மேலும் மேலே தள்ளுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நோக்கி நாற்புறமும் இருந்து காற்று பாய்கிறது. நிலவுருண்டை சுழல்வதால் அந்தப் பாய்ச்சலும் சுழற்சியாகிறது. சுழலும் காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் தாழ்வு மண்டலம். 50ஐ எட்டினால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐ எட்டினால் புயல். இதிலே எந்தத் தேவனுக்கும் சினம் இல்லை; எந்தக் கோளுக்கும் பகை இல்லை. சூடும் நீரும் சுழற்சியும்தான்.

சரி, இந்த ஏட்டின் குறை என்ன? இரண்டு குறைகளைச் சொல்கிறோம்.

ஒன்று, சொல்லின் குறை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரு நாளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 செ.மீ. ஒரு சதுர மீட்டருக்கு 950 லிட்டர்! இதற்கும் "அதி கனமழை" என்றே பெயர், 21 செ.மீட்டருக்கும் அதே பெயர். இருபத்தொன்று என்றால் தெருவிலே நீர் நிற்கும். தொண்ணூற்றைந்து என்றால் ஊரே நீரிலே நிற்கும். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், எந்த அளவுக்கு அஞ்ச வேண்டும் என்று மக்கள் எப்படி அறிவார்கள்? சிவப்பு எச்சரிக்கைக்கு மேலே நிறம் இல்லை. அதி கனமழைக்கு மேலே சொல் இல்லை. அறிவியல் ஏடு தன் அகராதியைத் திருத்திக்கொள்ள வேண்டிய இடம் இது.

மற்றொன்று, சென்று சேராத குறை. 2017 நவம்பர் 30 அன்று 'ஓக்கி' புயல் குமரிக் கடலில் சீறியது. கரையிலே எச்சரிக்கை அறிவிக்கப்பட்டது. ஆனால் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடல் சென்றுவிட்ட மீனவனின் செவிக்கு அது எட்டவில்லை. தாழ்வு மண்டலம் புயலாக மாறிய வேகமோ மிகப் பெரிது. குமரி மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர்களில் பல வீடுகள் இன்றும் அந்த நாளை மறக்கவில்லை. அலுவலகத்திலே எழுதி, நாளேட்டிலே அச்சிட்டு, கடலிலே சேராத அறிவிப்பு பாதி அறிவிப்பே. அறிவு எவனுக்குத் தேவையோ அவனிடம் சேரும்வரை அது முழு அறிவாகாது.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1999 அக்டோபரில் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் அதே மாநிலத்துக் கடற்கரையை 'ஃபைலின்' என்ற கடும்புயல் தாக்கியது. இம்முறை முன்கூட்டியே எச்சரிக்கை சென்றது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டனர். உயிர் இழந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. பதினான்கு ஆண்டுகளில் மாறியது கடவுளின் மனமா? கோள்களின் நிலையா? அறிக்கை மாறிற்று, அதை மக்கள் நம்பினார்கள், அரசு அதன்படி நடந்தது. வேறொன்றும் இல்லை.

இங்கே நம் வீட்டு அழுக்கையும் நாமே வெளுக்க வேண்டும். 2019இல் சென்னை குடிநீருக்குத் தவித்தது. அவ்வாண்டு கோடையில், அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களில் மழை வேண்டி யாகம் நடத்துமாறு சுற்றறிக்கை சென்றது. எந்த ஆட்சியில்? பெயரிலே திராவிடத்தைச் சுமந்த கட்சியின் ஆட்சியில்! ஏரியைத் தூர் வாருவதற்குப் பதில் நெய்யை நெருப்பில் வார்த்தார்கள். பஞ்சாங்கம் மண்டபத்தில் மட்டும் இல்லை, தோழர்களே. அது கோப்புகளிலும் புகுந்திருக்கிறது.

மழை பொய்த்தால் பழியை யார் மேல் போட்டார்கள் என்பதையும் இலக்கியம் படிப்போர் அறிவார்கள். மாதரின் கற்புக்கும் மாரிக்கும் முடிச்சுப் போட்டு வைத்தது நமது பழமை. மழை வந்தால் கடவுளுக்குப் புகழ். வராவிட்டால் பெண்ணுக்குப் பழி! அந்தப் பழமைக்கு மறுமொழி எழுதியவர் ஒரு பெண்ணே. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார் அன்னா மணி. வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த வானிலைக் கருவிகளை இந்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். ஏறத்தாழ நூறு கருவிகளுக்கு வரைபடங்களை ஒழுங்குபடுத்தித் தந்தார். மங்கையின் ஒழுக்கத்தால் மழை வரும் என்றது பழமை. மழையை அளக்கும் கருவிக்கு வழிகாட்டினார் ஒரு மங்கை. இருவரில் நாட்டுக்கு நன்மை செய்தவர் யார்?

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பஞ்சாங்கத்தை மறுப்பதால் உழவனின் பழமொழியையும் குப்பையில் எறிய வேண்டியதில்லை. "எட்டக் கோட்டை கிட்ட மழை, கிட்டக் கோட்டை எட்ட மழை" என்பான் நம் உழவன். நிலவைச் சுற்றித் தொலைவிலே பெரிய வட்டம் தெரிந்தால் மழை அருகில் என்பது அதன் பொருள். அந்தப் பெரிய வட்டம் மிக உயரத்தில் பரவிய மெல்லிய முகிலின் பனித்துகள்களில் ஒளி முறிவதால் உண்டாவது. அத்தகைய முகில் பல நேரங்களில் வரப்போகும் மழை மண்டலத்தின் முன்னோடி. நிலவை ஒட்டிய சிறு வட்டமோ மெல்லிய முகிலின் நீர்த்துளிகளால் உண்டாவது. அதனால் பெருமழை வரும் என்பதில்லை. உழவன் காரணத்தை அறியவில்லை. ஆனால் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தான். பார்த்ததைச் சொன்னான். எப்போதும் பலிக்காது என்பதையும் அறிந்திருந்தான். பஞ்சாங்கக்காரர் வானத்தைப் பார்க்கவில்லை, ஏட்டைப் பார்த்தார். உழவனின் சொல் அறிவியலுக்குத் தம்பி. பஞ்சாங்கத்தின் சொல் அறிவியலுக்கு உறவே இல்லை.

பகுத்தறிவு பேசும் இளைஞர்களுக்கு இறுதியாக ஒரு சொல். பஞ்சாங்கத்தைக் கேலி செய்வதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. பழைய ஏட்டைக் கிழித்துவிட்டுப் புதிய ஏட்டைப் படிக்காதவன் பாதி வழியில் நின்றவன். "வானிலைக்காரன் சொன்னால் நடக்காது" என்று நாமும் கூடச் சேர்ந்து சிரித்தால், அந்தச் சிரிப்பு நாளைக்கு ஒரு மீனவனைக் கடலுக்கு அனுப்பும். ஒரு தாயை ஆற்றோரக் குடிசையிலேயே உறங்க வைக்கும். அறிக்கை தவறும். தவறும்போது தவறியது என்று நம்மால் காட்ட முடியும். காட்டினால் அது திருந்தும். திருந்தக்கூடியதைத்தான் நாம் நம்ப வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிதன்று. ஊர்தோறும் படிப்பகம் இருக்கிறது. வாயிலிலே கரும்பலகை இருக்கிறது. நாள்தோறும் காலையில் வானிலை அறிக்கையை அதிலே எழுதுங்கள். "ஓரிரு" என்றால் என்ன, "கனம்" என்றால் என்ன, துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டின் எண் என்ன சொல்கிறது என்று கேட்போருக்கு விளக்குங்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு கலத்தை வெட்டவெளியில் வைத்து, காலை 8.30 மணிக்கு அளவுகோலால் அளந்து, பெய்த மழையையும் அருகிலேயே எழுதுங்கள். சொன்னது ஒரு பக்கம், பெய்தது மறு பக்கம். ஓராண்டு முடிந்ததும், சித்திரை முதல் நாளிலே அந்தக் கணக்கை ஊரார் முன் படியுங்கள்.

மண்டபத்தில் மரக்கால் கணக்கும் படிக்கப்படட்டும். எந்தக் கணக்கு தன் தவற்றையும் சேர்த்துப் படிக்கிறது என்பதை ஊரே கேட்கட்டும். தீர்ப்பை நாம் சொல்ல வேண்டிய தேவை அன்று இராது.